சான்ஜியாங்கை அறிந்துகொள்வது எப்படி? ஒரு சீன மலைக் கவுண்டிக்கான தொடக்கக் கையேடு

சீனாவின் குவாங்சி சுவாங் தன்னாட்சிப் பகுதியின் வடக்கு ஓரத்தில், ஹுனானும் குய்சௌவும் வந்து முட்டுகிற மூலையில் இருக்கிறது சான்ஜியாங் டோங் தன்னாட்சிக் கவுண்டி. பரப்பளவு ஏறத்தாழ 2,400 சதுர கிலோமீட்டர். குய்லினுக்குச் சுற்றுலா வருகிறவர்கள் ஒரு பகல் எட்டிப் பார்த்து, மரப்பாலத்தைப் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுவார்கள். அதற்கு மேல் தெரிந்துகொள்ள விரும்புகிற மாணவர், கட்டுரை எழுதப் போகிறவர், சில நாள் தங்கிப் பார்க்க நினைப்பவர் ஆகியோருக்காக எழுதியது இது.

பெரும்பாலோர் முதலில் இனங்களின் விழுக்காட்டுப் பட்டியலைத் தேடுகிறார்கள். அதை வைத்துக்கொண்டு இந்த ஊரில் ஒன்றும் புரியாது. யார் எங்கே குடியிருக்கிறார்கள், என்ன பயிர் செய்கிறார்கள், எந்தச் சந்தைக்குப் போகிறார்கள் என்பதையெல்லாம் ஆறும் மலையின் உயரமும்தான் முடிவு செய்கின்றன. ஆகவே வரிசை இப்படி இருக்கட்டும்: முதலில் பெயர், நிர்வாகம்; பிறகு ஆறுகள்; பிறகு மக்கள்; அதன் பிறகே பொருளாதாரம்.

1. பெயரையும் நிர்வாக அடுக்கையும் தெளிவாக்கிக்கொள்ளுங்கள்

'சான்ஜியாங்' என்றால் மூன்று ஆறுகள். சீனாவில் இந்தப் பெயருக்குப் பஞ்சமே இல்லை. வடகிழக்கே ஹெய்லோங்ஜியாங்கில் சான்ஜியாங் சமவெளி, சிங்ஹாயில் சான்ஜியாங்யுவான், யுன்னானில் மூன்று ஆறுகள் இணையாக ஓடும் உலக மரபிடம் என எல்லாமே இணையத் தேடலில் கலந்து வரும். கவுண்டியின் முழுப் பெயரைச் சீன எழுத்தில் நகலெடுத்து வைத்துக்கொண்டு அதை வைத்தே தேடுங்கள். வரைபடம், ரயில் சீட்டு, தங்குமிடம் எல்லாவற்றுக்கும் அதுவே பாதுகாப்பு.

கவுண்டி என்பது நம்மூர் வட்டத்துக்கும் மாவட்டத்துக்கும் இடைப்பட்ட அலகு என்று வைத்துக்கொள்ளலாம். அதற்கு மேலே இருப்பது லியூசௌ 'நகரம்'. இந்த நகரம் என்ற சொல்லில்தான் புதியவர்கள் சறுக்குவார்கள். சீன நிர்வாகத்தில் அது பல கவுண்டிகளை உள்ளடக்கிய ஒரு மாவட்டம் போன்றது. லியூசௌ நகருக்குள் சான்ஜியாங் இருக்கிறது என்று ஆவணம் சொன்னாலும், நிஜமான நகரத்திலிருந்து மலைப்பாதையில் சில மணி நேரம் வடக்கே வர வேண்டும்.

தன்னாட்சி அலகுகள் மூன்று மட்டத்தில் உள்ளன: 5 தன்னாட்சிப் பகுதிகள், 30 தன்னாட்சி மாநிலவட்டங்கள், 120 தன்னாட்சிக் கவுண்டிகள் (உள்மங்கோலியாவில் கவுண்டிக்கு இணையான 'பேனர்' என்ற அலகுகள் 3 உட்பட). சான்ஜியாங் மூன்றாம் மட்டம். 1952 டிசம்பர் 3 அன்று கவுண்டி மட்டத்துத் தன்னாட்சிப் பகுதியாகத் தொடங்கி, 1955இல் தன்னாட்சிக் கவுண்டி ஆயிற்று. அதற்கு முன், 1914 வரை, இதன் பெயர் ஹுவாய்யுவான். தலைநகரும் இப்போதைய கூயி அல்ல. தெற்கே ஆற்று நடுவில் தீவாக நிற்கும் டான்சௌதான் 1932 வரை தலைநகர். மிங் காலத்துக் கோட்டைச் சுவரின் பகுதிகள் இன்றும் அங்கே நிற்கின்றன. தீவெங்கும் பம்ப்ளிமாஸ் மரங்கள்.

தன்னாட்சி என்றதும் தனி அரசு என்று நினைத்துவிட வேண்டாம். அரசியல் சட்டப்படி கவுண்டி அரசின் தலைவர் டோங் இனத்தவராக இருக்க வேண்டும். கவுண்டி மக்கள் பேரவை தனக்கென்று விதிகள் இயற்றலாம், ஆனால் குவாங்சிப் பேரவையின் நிலைக்குழு ஒப்புதல் தர வேண்டும். கட்சிச் செயலாளர் பதவிக்கு இன நிபந்தனை இல்லை; அதிகாரத்தில் அவர்தான் மூத்தவர். இந்த இரண்டு நாற்காலிகளையும் பிரித்துப் பார்க்காமல் எழுதும் கட்டுரைகள் ஏராளம்.

கவுண்டிக்குள் 6 பேரூர்கள், 9 சிற்றூராட்சிகள். அந்த ஒன்பதில் மூன்று, 'இனச் சிற்றூராட்சி' என்று தனிப் பெயர் பெற்றவை: ஃபூலு, தோங்லே இரண்டும் மியாவ் இனத்துக்கு, காவ்ஜி மட்டும் யாவ் இனத்துக்கு. இவை தன்னாட்சி மட்டத்தில் சேராது. ஆக, ஃபூலுவிலுள்ள ஒரு வீட்டின் முகவரியை மேலிருந்து படித்தால் சுவாங் பகுதி, டோங் கவுண்டி, மியாவ் சிற்றூராட்சி என்று வரும். ஒவ்வொரு படியிலும் ஒரு இனப் பெயர் இருக்கும். குடியிருப்பவர் இவை மூன்றுமே அல்லாத, சீனாவின் பெரும்பான்மையான ஹான் இனத்தவராகவும் இருக்கலாம்.

2. ஆறுகளை வரைந்து பாருங்கள்

இந்தப் படியைத் தாண்டிப் போகாதீர்கள். ஒரு தாளில் கையால் வரையுங்கள். கால் மணி நேரம் போதும்.

மேற்கே குய்சௌவிலிருந்து வரும் டூலியூ ஆறு, எல்லை தாண்டியதும் ரோங் ஆறு என்று பெயர் மாற்றிக்கொள்கிறது. கிழக்கே லோங்ஷெங் பக்கத்திலிருந்து ஷுன் ஆறு வந்து கூயி நகரைத் தொட்டுப் போகிறது. வடமேற்கே டூடோங் மலைகளுக்கிடையே மியாவ் ஆறு. இவை மூன்றும்தான் கவுண்டியின் பெயரிலுள்ள மூன்று ஆறுகள். ரோங்கும் ஷுன்னும் லாவ்பாவில் கலந்து, அங்கிருந்து தெற்கே இன்னொரு ரோங் ஆறாக ஓடுகின்றன.

இங்கேதான் வரைபடம் பார்ப்பவர் தலையைப் பிய்த்துக்கொள்வார். மேலே உள்ள ரோங்கும் கீழே உள்ள ரோங்கும் சீன எழுத்தில் வேறு வேறு, ஒலிபெயர்ப்பில் ஒன்றுதான். போதாக்குறைக்கு, ஷுன் என்ற பெயரில் குவாங்சியின் தென்கிழக்கே ஒரு பேராறும் ஓடுகிறது. ஆற்றைக் குறிப்பிடும்போதெல்லாம் 'லாவ்பாவுக்கு மேலே', 'லாவ்பாவுக்குக் கீழே' என்று சேர்த்தே எழுதுங்கள். அந்தத் தண்ணீர் பிறகு லியூ ஆறாகி, சீஜியாங் வழியாக முத்து ஆற்றில் சேர்ந்து தென்சீனக் கடலுக்குப் போகிறது. வடக்கு மலைமுகட்டுக்கு அந்தப் பக்கம் ஹுனானின் தோங்தாவில் பெய்யும் மழையோ யாங்சிக்குப் போகிறது. முகட்டின் இரு புறமும் டோங் மக்கள்தான், ஆனால் பழைய காலத்து மர வியாபாரம் இரண்டு வேறு திசைகளில் போனது.

உள்ளூரில் இந்த நிலத்தை 'ஒன்பது பங்கு மலை, அரைப் பங்கு தண்ணீர், அரைப் பங்கு வயல்' என்பார்கள். கொஞ்சமும் மிகையில்லை. சமநிலம் என்று சொல்லத்தக்கது ஆற்றங்கரைப் பட்டைகள் மட்டுமே. மழையின் பெரும்பகுதி ஏப்ரல் முதல் ஆகஸ்டுக்குள் கொட்டிவிடும். அப்போது சிற்றாறுகள் சில மணி நேரத்திலேயே ஏறும். லின்ஷி ஆற்றின் மேல் 1912இல் தொடங்கி 1924இல் முடித்த செங்யாங் பாலத்தின் கல் தூண்கள், நீரோட்டத்தை எதிர்கொள்ளும் பக்கம் கூராக இருப்பது அதனால்தான். அப்படியும் 1983 வெள்ளம் பாலத்தின் ஒரு பகுதியை அடித்துக்கொண்டு போயிற்று. பிறகு பழையபடியே கட்டினார்கள்.

3. மக்களை அந்த வரைபடத்தின் மேல் வையுங்கள்

கவுண்டியில் பாதிக்கு மேல் டோங் இனத்தவர். தங்களைக் 'கம்' என்று சொல்லிக்கொள்கிறார்கள். 2020 கணக்கெடுப்பின்படி சீனா முழுதும் சுமார் 35 லட்சம் பேர், முக்கியமாகக் குய்சௌ, ஹுனான், குவாங்சி மூன்றிலும். வடக்கே லின்ஷி, பாஜியாங், டூடோங் பள்ளத்தாக்குகளிலும் மேற்கே ரோங் கரையில் மெய்லின் வரையிலும் தண்ணீர் ஒட்டிய இடங்கள் அவர்களுடையவை. மியாவ் ஊர்கள் பெரும்பாலும் மேற்கில், மலையில் ஏறி இருக்கும். யாவ் மக்கள் காவ்ஜி பக்கம். சுவாங் இனத்தவர் சிறு தொகை. பகுதியே அவர்கள் பெயரில் இருக்க, இங்கே அவர்கள்தான் சிறுபான்மை.

ஹான் மக்களைப் 'பிற்காலத்தில் வந்த வணிகர்கள்' என்று ஒரே வரியில் ஒதுக்கிவிடக்கூடாது. கூயியைச் சுற்றியும் ஆற்றோரமாகவும் இருக்கும் 'லியூஜியா' மக்கள் ஹான் கணக்கில் வருகிறவர்கள். தங்களுக்கென்று பேச்சு, பாட்டு, உடை வைத்திருக்கிறார்கள். இதற்கு நேர் எதிர்ப் புதிர் 'சாவ் மியாவ்'. அரசுப் பதிவில் மியாவ், பேசுவது டோங் மொழிக்கு நெருங்கிய பேச்சு. 1950களில் தொடங்கிய இன அடையாளப் பணி 56 பெட்டிகளில் எல்லோரையும் அடைக்கப் பார்த்ததன் விளைவு இது. எனவே களத்தில் மூன்று கேள்விகளைத் தனித்தனியாகக் கேளுங்கள்: அடையாள அட்டையில் எந்த இனம்? வீட்டில் என்ன பேச்சு? உங்களை நீங்கள் என்ன சொல்லிக்கொள்வீர்கள்? மூன்றுக்கும் ஒரே பதில் வரும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

டோங் மொழி தாய்-கடாய் குடும்பத்தில் கம்-சுய் கிளை. தொனிகள் மிகுந்த மொழி. 1958இல் வகுத்த ரோமன் எழுத்துமுறையில் அசையின் கடைசி எழுத்து பெரும்பாலும் தொனியைக் காட்டுவதற்குத்தான்; அதை உச்சரித்துவிடக்கூடாது. இனங்களுக்கிடையே சந்தையில் ஓடுவது குய்லியூ பேச்சு, அதாவது தென்மேற்கு மாண்டரின். வகுப்பில் மாண்டரின் கற்றவருக்கு அதன் தொனிகள் முதலில் திகைப்பாகத்தான் இருக்கும். இளையவர்கள் பள்ளியில் கற்ற பொது மாண்டரினில் பதில் சொல்வார்கள்.

ஒரு டோங் ஊரைப் பார்த்ததும் முதலில் முரசுக் கோபுரங்களை, அதாவது ஊரார் கூடும் அடுக்குக் கூரை மரக் கோபுரங்களை, எண்ணுங்கள். பொதுவாக ஒரு குலத்துக்கு ஒன்று. டூடோங்கிலுள்ள காவ்டிங் போன்ற பெரிய ஊரில் பல கோபுரங்கள் தெரிந்தால், பல கிளைகள் சேர்ந்து வாழ்கின்றன என்று பொருள். கூரை அடுக்குகள் எப்போதும் ஒற்றைப்படை எண்ணில் இருக்கும். கூயி நகரில் 27 அடுக்குகளோடு 42 மீட்டருக்கு மேல் நிற்கும் கோபுரம் 2002இல் கட்டியது. அழகுதான், ஆனால் குலக் கோபுரம் அல்ல. அதைப் படம் பிடித்துப் 'பழமையான டோங் கோபுரம்' என்று போடாதீர்கள்.

4. பொருளாதாரத்தை மலையின் கீழிருந்து மேலே படியுங்கள்

அடியில் வயல். நெல்லும் கெண்டை மீனும் ஒரே வயலில். நாற்று நட்டு வேர் பிடித்துப் பசுமை திரும்பியதும், ஏறத்தாழ பத்து நாள் கழித்து, மீன் குஞ்சுகளை விடுகிறார்கள். அதற்கு முன் வயலுக்குள் ஒரு குழியும் அதற்குப் போகும் வாய்க்காலும் வெட்ட வேண்டும். மருந்தடிக்க, தண்ணீர் வடிக்க, வெயிலிலிருந்து தப்ப, எல்லாவற்றுக்கும் மீனுக்கு அதுதான் புகலிடம். குழியும் வாய்க்காலும் சேர்ந்து வயலில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது என்பது தேசியத் தரநிலை. தாண்டினால் அது மீன் குளமாகிவிடும், நெல் விளைச்சல் படுத்துவிடும். வரப்பு தாழ்வாக இருந்தால் ஒரு கனமழையில் மீன் முழுதும் கீழ் வயல்காரருக்குப் போய்ச் சேரும். வடிகாலில் மூங்கில் தட்டி வைக்காவிட்டாலும் அதே கதி. முதல் அறுப்பில் தாளை உயரமாக விட்டுவைத்து, அது மறுபடி துளிர்த்துக் கதிர் விட்டதும் இரண்டாம் அறுப்பு எடுப்பதும் இங்கே பரவலாகியிருக்கிறது. குளிர் முந்திவிட்டால் இரண்டாவது கதிர் பதராகும். அதனால் உயரமான ஊர்களில் இந்த முறை பலிப்பதில்லை.

அதற்கு மேலே தேயிலை. வசந்தத்தில் சீக்கிரம் துளிர்க்கும் ஃபூயுன் 6, வூனியூசாவ் போன்ற வகைகளை நட்டிருக்கிறார்கள். சான்ஜியாங் தேயிலையின் வியாபார உத்தியே 'முந்திக்கொள்வது'தான். மற்ற மாகாணங்களில் பறிப்பு தொடங்குமுன் இங்கே மொட்டு சந்தைக்கு வந்துவிடும். ஏப்ரல் 5 வாக்கில் வரும் சிங்மிங் நாளுக்கு முந்தைய மொட்டுக்குத்தான் விலை, பிறகு மடமடவென்று இறங்கும். முந்துவதில் ஒரு ஆபத்தும் இருக்கிறது. மார்ச்சில் திரும்பி வரும் குளிர் ஒரே இரவில் மொட்டைக் கருக்கிவிடும். பறித்ததை மூங்கில் கூடையில் தளர்வாகப் போடுவார்கள். பிளாஸ்டிக் பையில் அமுக்கினால் சூடேறிச் சிவந்து, வாங்குபவர் விலையைக் குறைத்துவிடுவார். அளவு 'ஜின்' கணக்கில், அதாவது 500 கிராம். விலையைக் கேட்டு எழுதும்போது கிலோ என்று போட்டுவிட்டால் கணக்கு இரட்டிப்பாகத் தப்பும்.

சரிவுகளில் பெருமளவு இடம் எண்ணெய்த் தேயிலைக்கு. இது வேறு மரம், அதே கமேலியா பேரினம். இலைக்காக அல்ல, விதையின் எண்ணெய்க்காக. தேயிலையைவிட இதன் பரப்பு மிகப் பெரிது. புள்ளிவிவரங்களில் இரண்டையும் 'தேயிலை' என்று கூட்டிப் போட்டிருக்கிற கட்டுரைகளைப் பார்க்கலாம். வேடிக்கை என்னவென்றால், சென்ற ஆண்டுப் பூவின் காய் அக்டோபரில் முற்றும்போதே இந்த ஆண்டுப் பூவும் மலரத் தொடங்கிவிடும். காய் பறிப்பவர் பூவை உதிர்த்துவிடாமல் பறிக்க வேண்டும். காயை வெயிலில் போட்டு, தானே வெடித்த பிறகு விதையைப் பிரித்து, உலர்த்தி, செக்கில் ஆட்டுவார்கள். அக்டோபர் 23 வாக்கில் வரும் 'பனியிறக்கம்' பருவத்துக்கு முன்பே அவசரப்பட்டுப் பறித்தால் எண்ணெய் குறையும். பூக்கும் வாரங்களில் மழை விடாது பெய்தால் மகரந்தச் சேர்க்கை கெட்டு அடுத்த ஆண்டு காய் குறையும். புதிய ஒட்டு மரம் காய்க்க மூன்று நான்கு ஆண்டுகள், முழு விளைச்சலுக்கு அதன் இரு மடங்கு. பணமில்லாத வீடு அத்தனை காலம் காத்திருக்க முடியாததால்தான் கிழட்டுத் தோப்புகள் இன்னும் நிற்கின்றன.

உச்சியில் சீன ஃபர் மரம். வீடு, பாலம், கோபுரம் எல்லாம் இதில்தான். தலைமைத் தச்சர் வரைபடம் போடுவதில்லை. பிளந்த மூங்கில் கோல் ஒன்றில் மையால் குறித்த அளவுகளை வைத்தே முழுக் கட்டடத்தையும் வெட்டுகிறார். இணைப்புகள் ஆணியில்லாத பொருத்துவாய்கள். 2006இல் தேசிய மரபுப் பட்டியலில் சேர்ந்த கலை இது. முன்பு வெட்டிய மரத்தைத் தெப்பமாகக் கட்டி ஆற்றில் லியூசௌ வரை விடுவார்கள். மரம்தான் இந்த ஊரின் முதல் ஏற்றுமதி.

இத்தனையும் சேர்ந்தாலும் பல வீடுகளில் ரொக்கம் வருவது குவாங்டோங் தொழிற்சாலைகளிலிருந்து. பதிவில் உள்ள மக்கள்தொகை 4 லட்சத்தை ஒட்டி. உண்மையில் தங்கியிருப்போர் 3 லட்சத்தைச் சற்றுத் தாண்டும். ஒரு கட்டுரையில் ஒரு எண், இன்னொன்றில் வேறு எண் இருந்தால் இரண்டும் சரியாக இருக்கலாம். எது குடும்பப் பதிவு, எது கணக்கெடுப்பு என்று பாருங்கள். பரப்பளவும் அப்படியே: ஆவணங்கள் 'மூ' கணக்கில் பேசும், 15 மூ ஒரு ஹெக்டேர். குவாங்சியில் வறுமைப் பட்டியலிலிருந்து கடைசியாக நீங்கிய எட்டுக் கவுண்டிகளில் சான்ஜியாங்கும் ஒன்று, 2020 நவம்பரில். 2014 டிசம்பரில் ஓடத் தொடங்கிய குய்யாங்–குவாங்சௌ அதிவேக ரயில்தான் சுற்றுலாவை இங்கே இழுத்து வந்தது. அதன் பலன் செங்யாங் பக்கம் குவிந்ததே தவிர மேற்கு ஊர்களுக்கு அவ்வளவாகப் போகவில்லை.

5. நேரில் போகிறவர்களுக்கு

அதிவேக ரயில் நிற்கும் நிலையம் 'சான்ஜியாங் தெற்கு'. குய்லினிலிருந்து அரை மணி நேரம்தான். பழைய ஜியாவ்சுவோ–லியூசௌ பாதையில் 'சான்ஜியாங் கவுண்டி' என்று இன்னொரு நிலையம் உண்டு. இரண்டும் வேறு வேறு இடம். சீட்டு எடுக்கும்போது கவனம். கூயியிலிருந்து செங்யாங் எட்டு ஊர்த் தொகுப்பு 20 கிலோமீட்டருக்குள்.

செங்யாங்கோடு நிறுத்திவிடாதீர்கள். டூடோங் பக்கம் மியாவ் ஆற்றின் மேல் 1910இல் கட்டிய பாதுவான் பாலத்தைப் பாருங்கள். மனிதர் போக மேல் தளம், மாடு போகக் கீழே பக்கவாட்டில் தனித் தடம். மாட்டுச் சாணத்தை மிதிக்காமல் பாலத்தில் உட்கார்ந்து பேச வேண்டும் என்று நினைத்தவர்கள் கட்டியது.

விழாக்கள் சந்திர நாட்காட்டிப்படி. ஃபூலுவில் மூன்றாம் மாதம் மூன்றாம் நாள் நடக்கும் பட்டாசு விழாவில், சிவப்புத் துணி சுற்றிய இரும்பு வளையத்தை வெடி வைத்து வானில் ஏவுவார்கள். அதைக் கைப்பற்ற அணிகள் மோதும். தேதி ஆண்டுதோறும் மார்ச் கடைசிக்கும் ஏப்ரல் கடைசிக்கும் இடையே நகரும். மெய்லினில் இரண்டாம் மாதம் இரண்டாம் நாள். ஆங்கிலத் தேதியை மாற்றிக் கணக்கிட்ட பிறகே பயணச்சீட்டு எடுங்கள்.

எந்த வீட்டுக்குப் போனாலும் எண்ணெய்த் தேநீர் வரும். எண்ணெயில் தேயிலையையும் அரிசியையும் வறுத்து, தட்டி, தண்ணீர் விட்டுக் கொதிக்க வைத்து வடிகட்டி, பொரித்த ஒட்டரிசிப் பொரி, வேர்க்கடலை, சோயா மேல் ஊற்றுவது. கசப்பும் உப்பும் கலந்திருக்கும். குடித்து முடித்த கிண்ணத்தை அப்படியே நீட்டினால் மறுபடி நிரப்புவார்கள். போதும் என்றால் சாப்பிடும் கோலைக் கிண்ணத்தின் மேல் குறுக்கே வைத்துக் கொடுங்கள். மூன்று கிண்ணமாவது குடிப்பது மரியாதை. சைவக்காரர்கள் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். சில வீடுகளில் பன்றி ஈரல் போடுவார்கள், சமையலிலும் பன்றிக் கொழுப்பு சாதாரணம். ஒட்டரிசியில் ஊறவைத்த புளித்த மீனை ஆசையாகத் தருவார்கள். குவாங்சியில் நன்னீர் மீன் வழியாகப் பரவும் கல்லீரல் தட்டைப்புழு உண்டு என்பதால், நெருப்பில் வாட்டித் தரச் சொல்லிச் சாப்பிடுவது நல்லது. அவர்களும் வாட்டிச் சாப்பிடுவதுண்டு, யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள்.

'சா' எனும் பாட்டி தெய்வத்தின் சிறு கோயில்களுக்குள் கேட்காமல் நுழையக்கூடாது. மர வீடுகள் நெருங்கி நிற்கும் ஊர்களில் தீ பெரும் பயம். இரவில் ஒருவர் கண்டாமணியோ தகரமோ தட்டிக்கொண்டு 'அடுப்பை அணையுங்கள்' என்று ஊரைச் சுற்றி வருவார். சிகரெட், கொசுவத்தி, மலிவான சார்ஜர் மூன்றையும் மர அறைக்குள் தவிர்த்துவிடுங்கள்.

ரயில் சீட்டு பாஸ்போர்ட் எண்ணில்தான் பதிவாகும். ஓட்டலல்லாத வீட்டில் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்தில் பதிய வேண்டும். வீட்டுக்காரருக்கே இந்த விதி தெரியாமல் இருப்பதுண்டு, நீங்களே நினைவூட்டுங்கள். கைபேசியில் அலிபே அல்லது வீசாட்டில் வெளிநாட்டு அட்டையை ஊரிலிருந்தே இணைத்துக்கொண்டு போங்கள். மேற்கு ஊர்களின் சந்தை நாட்களுக்குச் சில்லறை நோட்டும் கையில் இருக்கட்டும்.